கடைசி இடத்து ஸென்ஸி

ஸென்ஸி அரசியலுக்கு வந்தது என் சிகை அலங்காரக் கடையில்தான், தலை முழுக்கக் கர்லர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது. பின்னாளில் அவளைப் பற்றி எழுதிய எந்தச் செய்தித்தாளும் இதைப் போடவில்லை. "இளமையிலேயே பொதுச் சேவையில் ஆர்வம் கொண்டு" என்று எழுதினார்கள். ஆர்வமாவது மண்ணாவது. தலை ஈரமாக இருந்ததால் அவளால் எழுந்து ஓட முடியவில்லை, அவ்வளவுதான்.

1990 ஜனவரி. முனிச்சுக்கு ரயிலில் போகிற தூரத்தில் இருக்கும் எங்கள் லிண்டன்ரீடில் ஊராட்சி மன்றத்துக்குப் பன்னிரண்டு இடம். ஒவ்வொரு அணியும் பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியல் போடும். பீர் விடுதி நடத்தும் ஸாவரின் அணிக்குப் பதினொரு பேர்தான் தேறினார்கள். குறைவாகப் போட்டாலும் சட்டம் ஒன்றும் செய்யாது. ஆனால் எதிர் அணி பன்னிரண்டு போட்டிருக்கும்போது பதினொன்றோடு நிற்பது பல் விழுந்த வாயோடு கல்யாணத்துக்குப் போவது மாதிரி என்று ஸாவர் நினைத்தார். ஊரெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் என் கடைக் கதவைத் திறந்தார். ஆண்கள் என் கடைக்குள் வரும் வழக்கம் அப்போது கிடையாது.

"ஏம்மா ஸென்ஸி, உன் பேரை மட்டும் குடு. கடைசி எடத்துல போட்டுக்கறேன். ஒரு பய ஓட்டுப் போட மாட்டான், நான் கேரண்டி."

"நான் பஸ் ஓட்டறவ. எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"அதான் சொல்றேனே, ஒண்ணுமே செய்ய வேண்டாம். எடத்தை நிரப்பறதுக்குத்தான்."

"நெசமாவே ஜெயிக்க மாட்டேனா?"

"சத்தியமா."

அப்படியானால் சரி என்று கையெழுத்துப் போட்டாள். பேனாவில் என் தலைச்சாயம் ஒட்டிக்கொண்டது.

ஸாவர் ஒன்றை மறந்துவிட்டார். க்ரெஸென்ஸியா வைஹரர் என்ற ஸென்ஸி அப்போது பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வரத் தாமதமானால் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பாள். கையுறையை மறந்த பிள்ளைக்குத் தன் கையுறையைக் கொடுப்பாள். எந்த வீட்டில் அப்பா குடிக்கிறார், எந்த வீட்டில் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதெல்லாம் ஏறுகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டாள். என்னிடம்கூட. இத்தனைக்கும் வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் நாற்காலியில் உட்காருவாள்.

எங்கள் ஊர் ஓட்டுச் சீட்டு ஒரு மேஜை விரிப்பு அளவு இருக்கும். பன்னிரண்டு இடம் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு ஓட்டு. எந்த அணியின் ஆளுக்கும் பிரித்துப் போடலாம். பிடித்த ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று வரை கொடுக்கலாம். அணிக்கு எத்தனை இடம் என்று முடிவானபின், அணிக்குள் யாருக்கு அதிக ஓட்டோ அவர்தான் உள்ளே போவார். கட்சிக்காரன் கடைசியில் போட்டவனை ஜனங்கள் மூன்று மூன்றாகக் கொடுத்து மேலே இழுத்துவிடலாம். இதில் எங்கள் ஊருக்கு ஒரு தனி சந்தோஷம். பெரிய மனிதர்கள் போட்ட வரிசையைக் கலைப்பதில் கிடைக்கும் சுகம் பீரில்கூடக் கிடையாது.

அந்த மார்ச்சில் நான்தான் ஓட்டு எண்ணும் மேஜையில் இருந்தேன். "பன்னிரண்டாவது பெயர், மூன்று. பன்னிரண்டாவது பெயர், மூன்று." வாசித்து வாசித்துத் தொண்டை கட்டிப்போனது. மொத்தப் பட்டியலிலும் ஸென்ஸிக்குத்தான் அதிகம். முதலிடத்தில் இருந்த ஸாவருக்கு மூன்றாவது இடம்.

அவள் அழுதுகொண்டே விடுதிக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"நீங்கதான சத்தியம் பண்ணீங்க! எம் பேரை எடுத்துடுங்க."

ஸாவர் பீர்க் குவளையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது முடியாதும்மா. பட்டியல்ல எடம் குடுக்கறது நாங்க. மேல இழுக்கறது ஊரு. ஊரு இழுத்து விட்டா ஒக்காரணும். வேண்டாம்னு சொன்னா அவங்க மூஞ்சில எப்படி முழிப்ப?"

உட்கார்ந்தாள். கதவோரம், கால் ஆடுகிற ஒரு நாற்காலி. முதல் ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஏழாவது மாதம் பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை வேண்டும் என்று கேட்டாள். அடுத்த வருடம் வரவு செலவு பார்த்துச் செய்யலாம் என்றார்கள். மறுநாள் மழையில் நனைந்த இருபத்து மூன்று பிள்ளைகளை பஸ்ஸோடு கொண்டுவந்து ஊராட்சி அலுவலகத் தாழ்வாரத்தில் இறக்கிவிட்டாள். "இங்க கூரை இருக்கு. இனிமே இதுதான் ஸ்டாப்பு" என்றாள். மூன்றே வாரத்தில் நிறுத்தத்துக்குக் கூரை வந்தது.

ஆறு வருடம் கழித்து ஊராட்சித் தலைவியானாள். சின்ன ஊர், தலைவர் வேலை முழுநேர வேலை இல்லை. காலையில் பஸ் ஓட்டிவிட்டுப் பிற்பகலில் கையெழுத்துப் போடுவாள். ஒருமுறை முனிச்சிலிருந்து ஓர் அமைச்சர் வந்து, பிள்ளைகள் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதில் ஆபத்தில்லை என்று நிபுணர்கள் சொல்வதாகப் பேசினார். ஸென்ஸி எழுந்தாள்.

"நாளைக்குக் காலைல ஆறு நாப்பதுக்கு வாங்கய்யா. எம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வாங்க. முதுகுல ஏழு கிலோ பை நான் தரேன்."

டிவிக்காரர்கள் இருந்ததால் பாவம், அவரால் மறுக்க முடியவில்லை. வந்தார். இரண்டாவது வளைவிலேயே ஒரு பிள்ளையின் மடியில் உட்கார்ந்துவிட்டார்.

அதைப் பார்த்த கட்சி ஒன்று 2003இல் அவளை மாநிலச் சட்டமன்றத்துக்குக் கேட்டது. வட்டாரப் பட்டியலில் கடைசி இடம், இடத்தை நிரப்பத்தான் என்றார்கள். இது நான் முன்பே கேட்ட பாட்டு. அவள் கணவர் அல்ஃபோன்ஸ் சிரித்துக்கொண்டே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்தார். எங்கள் வட்டாரத்துத் தாய் தகப்பன்கள் இழுத்த இழுப்பில் அவள் நேராக முனிச்சில் போய் விழுந்தாள்.

பத்து வருடம் எம்.எல்.ஏ. திங்கட்கிழமை ரயிலேறிப் போவாள், வியாழன் மாலை வருவாள், வெள்ளி காலை பத்து மணிக்கு என் நாற்காலி. பெரிதாக என்ன சாதித்தாள் என்று கேட்டால் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் மாதிரி ஊர்களின் சின்னப் பள்ளிக்கூடங்களை மூடும் பட்டியல் வந்தபோது, எட்டு வருடம் விடாமல் முட்டி மோதி, இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்தாவது நடத்தலாம் என்று எழுதி வாங்கினாள். எங்கள் பள்ளிக்கூட மணி இன்றைக்கும் அடிக்கிறது. அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

ஆனால் பத்து வருடம் பத்து வருடம்தான். 2012இல் அல்ஃபோன்ஸ் இதயம் நின்று போய்விட்டார். அவள் அன்றைக்கு முனிச்சில் கூட்டத்தில் இருந்தாள். அடுத்த வருடம் இனி போதும் என்று பதவியை விட்டு வீட்டுக்கு வந்தபோது வீட்டில் கடிகாரத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. 2014இல் மறுபடி ஊராட்சித் தேர்தல் வந்தது. அறுபத்தெட்டு வயது. என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்:

"மன்றத்துக்கு நிக்கலாம்னு இருக்கேன் ஹில்டா."

"இன்னும் உனக்கு ஆசை அடங்கலையாடி?"

"பதவி ஆசை இல்லடி. கடைக்குப் போனா எல்லாரும் 'வணக்கம் எம்.எல்.ஏ. அம்மா'ங்கறாங்க. முன்னெல்லாம் 'ஸென்ஸி, எம் பையன் ஷூவை உம் பஸ்ஸுல விட்டுட்டான்'னு கத்துவாங்க. நான் ரொம்ப நாள் வெளிய இருந்துட்டேன். இந்த ஊருக்கு என்னை இன்னும் வேணுமான்னு தெரியணும். அவ்வளவுதான்."

நான் சாயத்தைத் தடவிக்கொண்டே, "லூசாடி நீ?" என்றேன். அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அவள் பழையபடி கடைசி இடம் கேட்டாள். எண்பத்திரண்டு வயது ஸாவர் தடியைத் தரையில் தட்டி மறுத்தார். "முன்னாள் எம்.எல்.ஏ.வை வால்ல போட்டா எதிர் அணிக்காரன் கைகொட்டிச் சிரிப்பான். முதல் எடம்தான்." முதலிடத்தில் பெயர் ஏறியது. கடைசி இடத்தில் கோழிப்பண்ணை ஹியாஸ். முப்பத்து நாலு வயது, வாயில்லாப் பூச்சி. இடத்தை நிரப்பத்தான்.

ஓட்டுப்பதிவு அறையின் தட்டிக்குப் பின்னால் அந்த மேஜை விரிப்பைப் பிரித்துவைத்து நான் யோசித்தது இதுதான்: ஸென்ஸி முதலிடம். அவளுக்கு என்ன கவலை, தானாகப் போய்விடுவாள். பாவம் இந்த ஹியாஸ், அம்மா செத்தபின் தனியாகக் கோழியோடு மாரடிக்கிறான், ஒருத்தரும் போடாவிட்டால் மனசு விட்டுப்போகும். மூன்று ஓட்டை அவனுக்குக் குத்தினேன். மீதி ஒன்பதை என் அண்ணன் மகனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் மூன்று மூன்றாகக் கொடுத்தேன். சீட்டை மடிக்கும்போது ஏதோ நல்ல காரியம் செய்த நிறைவு.

திங்கட்கிழமை காலை எண்ண உட்கார்ந்தோம். "பன்னிரண்டாவது பெயர், மூன்று." முதல் கட்டிலேயே அது திரும்பத் திரும்ப வந்தது. அணிக்கு நாலு இடம். நாலாவதாக வந்தவன் ஹியாஸ், அறுநூற்றுப் பதினொன்று. ஐந்தாவது ஸென்ஸி, அறுநூற்று ஒன்பது.

இரண்டு ஓட்டு. என் கையில் மூன்று இருந்தன.

யானைக்கும் அடி சறுக்கும் என்று எதிர் அணிக்காரர்கள் இரண்டு நாள் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து யாரும் பேசவில்லை, அதுதான் கொடுமை. ஸென்ஸி தெருவில் வந்தால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். ரொட்டிக்கடையில் அவள் நுழைந்ததும் எல்லாரும் விலைப்பட்டியலைப் படித்தார்கள். அவளோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். கேட்ட கேள்விக்கு ஊர் பதில் சொல்லிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என் நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த வெள்ளியும் அப்படியே. ஈஸ்டர் அன்று மாதா கோவிலில் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிடரியைப் பார்த்தேன். அந்த வெட்டு என் வெட்டு இல்லை. பக்கத்து டவுனுக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், அதுவும் இடது பக்கம் அரை விரல் ஏற்றமாக. எனக்கு வந்த கோபத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாடினேன். கோபம் அவள் மேல் இல்லை.

அதற்குப் பிறகு என் கடையில் நடந்ததைப் பாதிரியார் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். ஒவ்வொருத்தியாக நாற்காலியில் உட்கார்ந்து, துண்டைப் போர்த்தியதும் கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்காமல் ஆரம்பித்தாள். தபால்காரர் மனைவி: "ஸென்ஸி எப்படியும் ஜெயிச்சுடுவான்னு ஹியாஸுக்குப் போட்டேன் ஹில்டா." பள்ளிக்கூட டீச்சர்: "முதல் எடத்துல இருக்கறவங்களுக்கு எதுக்குன்னு நெனச்சேன்." ஸாவரின் மருமகள்: "எங்க வீட்டுல அஞ்சு பேருக்கு ஓட்டு. அஞ்சு பேரும் தனித்தனியா அதையேதான் செஞ்சிருக்கோம். எங்க மாமா ரெண்டு நாளா சாப்பிடல." நான் கத்தரியை ஓட்டிக்கொண்டே உம் கொட்டினேன். என் மூன்றைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஹியாஸ் வந்தான். முடி வெட்ட இல்லை. தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்தான்.

"நான் பதவி ஏத்துக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தா, அடுத்து வர்றது ஸென்ஸிம்மாதானாமே. இப்ப காரணம்கூட சொல்ல வேண்டாமாம், விசாரிச்சுட்டேன். எழுதிட்டேன். ஆனா அவங்ககிட்ட சொல்லாம குடுக்க பயமா இருக்கு. நீங்க கூட வரீங்களா?"

கடையைப் பூட்டினேன். கத்தரிப் பையையும் எடுத்துக்கொண்டேன், அந்த இடது பக்கத்தை என்னால் இன்னொரு நாள் பொறுக்க முடியாது.

ஸென்ஸி கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் எம்.எல்.ஏ. முகமாகிவிட்டது. காபி போட்டாள், வாங்கிய கேக்கை வெட்டி வைத்தாள். அவள் வீட்டில் வாங்கிய கேக்கை அன்றுதான் பார்த்தேன். ஹியாஸ் காகிதத்தை மேஜை மேல் வைத்தான். அவள் படித்தாள்.

"எதுக்கு இது?"

"அது உங்க எடம், ஸென்ஸிம்மா. நான் கோழிக்காரன்."

"நான் பஸ் ஓட்டறவளா இருந்தேன்." காகிதத்தை நாலாகக் கிழித்து அடுப்புக்குள் போட்டாள். "எனக்கு ஒருத்தர் சொன்னதை உனக்குச் சொல்றேன். ஊரு இழுத்து விட்டா ஒக்காரணும். ஊருக்கு நீ வேணும்னு சொல்லிடுச்சு. நான் வேண்டாம்னும் சொல்லிடுச்சு. ரெண்டையும் மதிக்கணும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"யாருடி வேண்டாம்னது?" என்று கத்தினேன். ஹியாஸ் துள்ளி எழுந்துவிட்டான். "நான் போட்டேன் இவனுக்கு மூணு. நான்தான். நாப்பது வருஷமா உன் தலையைப் புடிச்சவ. ரெண்டு ஓட்டுல தோத்த, மூணு என் கையில இருந்துச்சு. தபால்காரர் பொண்டாட்டியும் இவனுக்குத்தான். டீச்சரும் இவனுக்குத்தான். ஸாவர் வீட்டுல அஞ்சு பேரும்! நாற்காலில சொன்னதை வெளிய சொல்லக் கூடாது, அந்தப் பாவமும் எனக்கே இருக்கட்டும்."

அவள் என்னையே பார்த்தாள். "ஏன்?"

"நீ முதல்ல இருந்த. உனக்கு எதுக்குன்னு நெனச்சோம்."

"அப்ப, என்னைப் பிடிக்காததால இல்லையா?"

"பிடிக்குமான்னு யோசிக்கவே இல்லடி! வீட்டுக்குச் சுவர் இருக்கான்னு தெனமும் யாராவது பாப்பாங்களா? நீ இருப்பேன்னு நெனச்சோம். அவ்வளவுதான். முட்டாப் பசங்க நாங்க."

நான் அழுதுகொண்டிருந்தேன். ஹியாஸும்தான், ஆனால் கேக்கைச் சாப்பிடுவது போலப் பாவனை செய்தான். ஸென்ஸி மட்டும் அழவில்லை. அவள் முகம் மெல்ல ஒரு மாதிரி கோணியது. எனக்குப் பயமாகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்குகிறாள்.

"ஹில்டா," என்றாள், "நானும் இவனுக்குத்தான்டி மூணு போட்டேன்."

"என்னது?"

"எனக்கு நானே போட்டுக்கறது வெக்கம். ஒரு தேர்தல்லயும் போட்டுக்கிட்டதில்ல. சீட்டைத் திறந்தேன், கடைசில இவன் பேரு. கடைசில இருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே. மழை நாள்ல இவன்தான் கடைசியா ஏறுவான், ஈரச் சாக்ஸோட. மூணு போட்டுட்டேன்."

அந்த மூன்றை அவள் தனக்குப் போட்டிருந்தால் அறுநூற்றுப் பன்னிரண்டு. இவனுக்கு அறுநூற்று எட்டு. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கணக்கு விளங்கியது. அப்புறம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்தபின்தான் அவள் அழுதாள், நன்றாக, தோள் குலுங்க, அல்ஃபோன்ஸ் செத்ததற்கும் சேர்த்து. நான் அவள் தோளில் துண்டைப் போர்த்தி, இடது பக்கத்தைச் சரிசெய்தேன்.

அடுத்த வெள்ளி பத்து மணிக்கு வந்தாள். ஹியாஸ் மன்றத்தில் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தான். மாதாமாதம் கூட்டத்துக்குப் போய்ப் பொதுமக்கள் பெஞ்சில் உட்காருவாள் ஸென்ஸி. அவன் பேச எழுந்து திணறினால் பின்னாலிருந்து, "மெதுவா ஏறுப்பா, பஸ் போயிடாது" என்று குரல் வரும். தலைவர் மணியடித்து, பார்வையாளர்கள் பேசக் கூடாது என்பார்.

2020 வந்தது. எழுபத்து நாலு வயதில் மறுபடி பெயர் கொடுத்தாள். ஸாவர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார், தடியைத் தட்ட ஆளில்லை. கேட்ட இடம் கிடைத்தது. பன்னிரண்டு.

அந்த மார்ச்சில்தான் யாரும் யாருக்கும் கை கொடுக்கக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். திங்கட்கிழமை தள்ளித் தள்ளி உட்கார்ந்து எண்ணினோம். முதல் சீட்டைப் பிரித்தேன். பன்னிரண்டாவது பெயர், மூன்று. இரண்டாவது சீட்டு, மூன்று. சிலர் பேனாவை அழுத்திய அழுத்தில் காகிதமே கிழிந்திருந்தது. நடுவில் நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஆயிரத்து எழுநூற்று நாற்பது. எங்கள் ஊரில் இதுவரை யாரும் வாங்காத எண்ணிக்கை.

வெள்ளி பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து கடைகளை மூடச் சொல்லியிருந்தார்கள், எத்தனை வாரத்துக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் ஒட்டவே வெட்டினேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் ஹில்டா," என்றாள் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல். "இந்தத் தடவை எனக்கு நானே மூணு போட்டுக்கிட்டேன்."

"அடிப்பாவி. ஆயிரத்து எழுநூறு வாங்கினவளுக்கு அது வேறயா? ஏன்டி?"

"பின்ன? நீங்கெல்லாம் மறுபடியும், இவளுக்கு எதுக்குன்னு நெனச்சுட்டா?"